வீட்டுக்கு ஒரு பெரியவர்

ஓசூர்
வெள்ளிக்கிழமை, முற்பகல்

மதிப்பிற்குரிய மைத்துனர் பாரூர் பெருமாள் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வெள்ளையம்மாவின் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் ஓசூரிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும், தங்கச்சி கருப்பாயியும், பிள்ளைகளும், ஏரித் தண்ணீரும், வெட்டுக்கு நிற்கிற கரும்பும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். இங்கே நான் சௌக்கியமா என்பதை என் மணிக்கட்டில் கட்டியிருக்கிற வாட்ச்தான் சொல்ல வேண்டும். மனது நன்றாக இருந்தால் பச்சை, கொஞ்சம் கலங்கினால் மஞ்சள், கொதித்தால் சிவப்பு. இந்த வரியை எழுதும்போது மஞ்சள். அடுத்த பக்கம் போவதற்குள் சிவந்துவிடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எப்போதும் உங்களை வா, போ என்று பேசுகிறவன் திடீரென்று நீங்கள், அவர்கள் என்று மரியாதை கொடுப்பதைப் பார்த்ததும், அண்ணன் ஏதோ கேட்கப் போகிறார் என்று கருப்பாயி இந்நேரம் சொல்லியிருப்பாள். உண்மைதான், கேட்கத்தான் போகிறேன். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்து, தாய்மாமன் என்கிற முறையில் என் இரண்டு மகன்களையும் எதிரில் உட்கார வைத்து, உங்கள் அக்காவையும் என்னையும் ஒரே வீட்டில் வைக்கச் சொல்ல வேண்டும். எந்த வீடானாலும் சரி. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூலை கொடுத்தால் போதும். இவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன் என்பது.

போன தீபாவளி முடிந்த கையோடு சின்னவன் கௌதமின் மனைவி மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போச்சம்பள்ளியில் அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இங்கே ஓசூரில் பெரியவன் ஹரீஷ்குமாரும் மருமகள் சௌமியாவும் வேலையில் இருக்கும்போது, பேத்தியைப் பள்ளிக்கூட வேனிலிருந்து இறக்கிக்கொள்ளவும், கொரியர்காரனுக்குக் கதவு திறக்கவும், சிலிண்டர் வந்தால் நிற்கவும் ஒரு ஆள் வேண்டும். அண்ணனும் தம்பியும் ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் உங்கள் அக்காவும் எதிர் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்களைப் பற்றித்தான் என்று எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் கம்பெனியில் ஒரு மிஷினை இந்த லைனிலிருந்து அந்த லைனுக்கு நகர்த்துவதானால்கூட, முதலில் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டு, தரையோடு எங்கெங்கே போல்ட் போட்டிருக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்வார்கள். குனிந்து பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். இங்கே யாரும் குனியவில்லை. “வீட்டுக்கு ஒரு பெரியவங்க இருந்துட்டா ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லண்ணா” என்றான் கௌதம். அண்ணன் தலையாட்டினான். டெம்பரரிதான் அப்பா, குழந்தை கொஞ்சம் பெரிசாகிற வரைக்கும்தான் என்றார்கள். உங்கள் அக்கா தன் புடவைகளை இரண்டு பையில் அடுக்கிக்கொண்டு காரில் ஏறினாள். அந்தப் பைகளை லிஃப்டில் இறக்கிக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தவனும் நானேதான்.

என் மகன்கள் கெட்டவர்கள் இல்லை மச்சான், அதுதான் என் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பேன். இவர்கள் எனக்கு வேளைக்குச் சோறு போடுகிறார்கள், மாத்திரையை டப்பாவில் பிரித்து வைக்கிறார்கள், மெத்தையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்டவர்களை எந்த வாயால் திட்டுவது? திட்ட முடியாததெல்லாம் உள்ளேயே தங்கி, வேறு வேறு பக்கமாக வெளியே வர ஆரம்பித்தது. ஒரு நாள் ஹரீஷ் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங்கில் இருந்தபோது, யாருமில்லாத ரூமில் ஃபேன் ஓடுகிறதே என்று கோபத்தில் மெயினையே அணைத்துவிட்டேன். இன்னொரு நாள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று கீக் கீக் என்று கத்திய ஃபிரிட்ஜை நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி கேட்டேன். சௌமியா ஆனேக்கல் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் கன்னடம் பேசும், பாசம் வந்தால் தமிழ் பேசும். அன்றைக்குத் தமிழில் பேசியது. அந்தப் பெண் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறது, ஆட்களின் மனசைப் பார்த்துக்கொள்வதும் அந்த வேலையில் சேர்த்திதானாம். எனக்கு ஸ்ட்ரெஸ் என்று அதுதான் முதலில் கண்டுபிடித்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஹரீஷே பதில் சொன்னான். தூக்கம் எப்படி என்று கேட்டார், சரியாகத் தூங்குவதில்லை என்றான். பசி எப்படி என்றார், முன்னைப்போல இல்லை என்றான். காலையில் வயிறு ஒழுங்காகப் போகிறதா என்றார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறது என்று அதையும் அவனே சொன்னான். எப்படிக் கணக்கு வைத்திருக்கிறான் என்று எனக்கே ஆச்சரியம். சமீபத்தில் குடும்பத்தில் ஏதாவது மாற்றம், பிரிவு, இழப்பு உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஹரீஷ், “அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர், அம்மா தம்பி வீட்ல நல்லா இருக்காங்க” என்று சொல்லிவிட்டான். டாக்டரும் இல்லை என்று எழுதிக்கொண்டார். திறந்த வாய்க்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று நான் ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வைத்தியம் ஆரம்பித்தது. இந்த வாட்ச் வந்தது, இது காட்டுகிற நிறம் சௌமியாவின் ஃபோனுக்கும் போகும். காப்பி போய், ஏதோ ஒரு பூவைக் காய வைத்த வெந்நீர் வந்தது. டிவியில் செய்தி பார்க்கக் கூடாது என்றார்கள், பார்க்காமல் விட்டதில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. வண்ணம் தீட்டுகிற புத்தகம் ஒன்று வந்தது. மயிலுக்கு நான் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது பேத்தி வந்து பார்த்துவிட்டு, கோடு தாண்டிப் போகிறது தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனாள். காலையில் மொட்டை மாடியில் சிரிப்புச் சங்கம். கன்னடக்காரர் ஒருவர், தெலுங்குக்காரர்கள் இரண்டு பேர், மிலிட்டரியில் இருந்து ரிட்டையர் ஆன ஒருவர், நான். சிரிப்பதற்குக் காரணம் தேவையில்லை, கையை மேலே தூக்கிச் சிரித்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். காரணமில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறவனை பாரூரில் என்ன செய்வீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அவனுக்குத் துளசி ஜூஸ் கொடுக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதியோர் மன அழுத்தம் பற்றிப் பேச எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலுக்கு ஒரு மேடம் வந்தார். பக்கத்திலேயே முதியோருக்கென்று இலவசமாக ஒரு மையம் நடத்துகிறவராம். திரையில் படம் போட்டு விளக்கினார். தனிமையைத் தவிருங்கள், பிடித்தவர்களோடு நேரம் செலவிடுங்கள் என்று போட்டு, கீழே ஒரு பூங்கா பெஞ்சில் வெள்ளைக்காரக் கிழவன் ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிற படம். சௌமியா அதை ஃபோனில் எடுத்து எனக்கு அனுப்பி, மாமா இந்த மாதிரி சிரித்துக்கொண்டே இருங்கள் என்று சொன்னது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழவனுக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள் மச்சான். அந்த ஹாலில் இருந்த ஒருத்தர் கண்ணுக்காவது அவள் பட்டாளா என்று கேளுங்கள்.

ஏன் மாமா, பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் சோடா வாங்கிக் கொடுத்து, என் ஃபோனை எடுத்து ஹரீஷுக்குத் தகவல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தனியாக வெளியூர் போகக் கூடாது என்று உத்தரவு. மாதம் ஒரு முறை அவர்களே காரில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போனால் ஹால் முழுக்க ஆட்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டிய பெண்டாட்டியிடம் என்ன பேசுவது? மாத்திரை போட்டாயா என்று நான் கேட்பேன். போட்டேன், நீங்கள் போட்டீர்களா என்று அவள் கேட்பாள். பிறகு பிரியாணி வரும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். ஃபோனில் பேசலாம் என்றால் எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஓவர்டைம் இருக்கிறது, வர நேரமாகும் என்று சொல்வதற்குத்தான் நான் அவளுக்கு ஃபோன் செய்திருக்கிறேன். இப்போது சொல்வதற்கு ஓவர்டைமும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை காலையில் அது நடந்தது. நான் வாக்கிங் போவது பழைய கம்பெனி சட்டையில். ரிட்டையர் ஆகி இத்தனை வருஷமாகியும் அந்தத் துணி நைந்துபோகவில்லை, நான்தான் நைந்துபோனேன். கையில் தண்ணீர் பாட்டிலும் குடையும் வைத்த பை. ராயக்கோட்டை ரோடு முனையில் மூச்சு வாங்க நின்றேன். எங்கள் பழைய கம்பெனியின் பஸ் வந்து எனக்கு எதிரே நின்று கதவைத் திறந்தது. இந்தப் பக்கத்தில் கம்பெனி பஸ் ஆளைப் பார்த்து நிற்காது, சட்டையைப் பார்த்துத்தான் நிற்கும். அது நின்றதும் முப்பது வருஷத்துக்கு மேல் ஏறி ஏறிப் பழகிய கால் என்னைக் கேட்காமலே ஏறிவிட்டது. இடது பக்க ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, தலையைக் கம்பியில் சாய்த்த பிறகுதான் நான் எதற்கு ஏறினேன் என்று யோசித்தேன். இது எங்கே போகிறது என்று பக்கத்துப் பையனைக் கேட்டேன். போச்சம்பள்ளி யூனிட்டுக்கு என்றான். இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உத்தனப்பள்ளி வருவதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டேன். மாதக்கணக்கில் புதிய மெத்தையில் வராத தூக்கம் அது. போச்சம்பள்ளி வந்துதான் விழித்தேன்.

இறங்கி நேராகக் கௌதம் வீட்டுக்கு நடந்தேன். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தை தொட்டிலில் இருந்தது. உங்கள் அக்கா கதவைத் திறந்து என் சட்டையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வேலையில் சேர்ந்துவிட்டேனா என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். களி கிண்டி, கீரை கடைந்து போட்டாள். ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. யாருக்கு என்ன கல்யாணம், யார் செத்தார்கள், மத்தூர் சந்தையில் தக்காளி என்ன விலை, இப்படித்தான். ஆனால் ஹாலில் வேறு யாரும் இல்லை பாருங்கள், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. குழந்தை தூங்கியதும் இவளும் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். நான் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே கதை. களி போடுவாள், கொஞ்சம் பேசுவாள், தலை பாயில் பட்டதும் தூங்கிவிடுவாள். நான் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். தூங்கி விழுகிற அளவுக்கு உங்கள் அக்காவை அந்த வீட்டில் எப்படிப் பிழிந்தெடுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லுகிற ஜாதி இல்லை அவள். நானும் அவளைத் தோண்டித் துருவிக் கேட்கவில்லை, கண்ணால் பார்த்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாவது வாரமே டிரைவர் முனிராஜ் என்னைப் பிடித்துவிட்டார். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டார். மெயின்டனன்ஸ் என்றேன். “ஏன் சார், மூஞ்சியப் பாத்தா ரிட்டையர் ஆயி ரொம்ப நாளான மாதிரி இருக்குதே” என்றார். பொய் சொல்லத் தெம்பில்லை. “பொண்டாட்டியப் பாக்கப் போறன்ப்பா” என்று சொல்லிவிட்டேன். முனிராஜ் கண்ணாடியில் என் சட்டையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, கம்பெனி கேட்டில் கேமரா இருக்கிறது, அதற்கு முந்தின வளைவிலேயே இறக்கிவிடுகிறேன், சாயங்காலமும் அங்கேயே நில்லுங்கள் என்றார். பெற்ற பிள்ளைகளுக்கு இத்தனை மாதமாக நான் சொல்ல முடியாததை, அந்த மனுஷனுக்கு ஒரே மூச்சில் சொன்னேன்.

வீட்டில் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். வியாழக்கிழமை முழுவதும் அந்த மேடத்தின் மையத்தில் இருப்பதாகச் சொன்னேன். பேத்தியை வேனிலிருந்து இறக்கிக்கொள்ள அன்றைக்கு மட்டும் எதிர் வீட்டு அம்மாவை, முதல் வாரம் போச்சம்பள்ளியிலிருந்தே ஃபோன் போட்டு, ஏற்பாடு செய்துவிட்டேன். இந்தப் பொய் போதும் என்று நினைத்தேன், கையில் கட்டியிருந்ததை மறந்துவிட்டேன். வாரம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருக்கிற வாட்ச், வியாழக்கிழமை மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வயல் மாதிரி பச்சையாக இருக்கிறது. சௌமியா அதை ஹரீஷிடம் காட்டியது. ஹரீஷுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. நன்றி சொல்ல அந்த மேடத்துக்கே சௌமியா ஃபோன் செய்தது. என் குட்டு உடைந்தது என்று நான் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். ஆனால் மேடம் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் மாமனார் எங்கள் மையத்தில் நல்ல ஒத்துழைப்புக் கொடுக்கிறார், அவரைப்போல ஆர்வமானவர்கள் குறைவு என்றார். அந்த மையத்தின் வாசலைக்கூட நான் அன்றுவரை மிதித்ததில்லை.

அதோடு விட்டார்களா? அபார்ட்மெண்ட் ஹாலில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். மன அழுத்தத்தை நான் வென்றது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மைக் கையில் இருக்கிறது, எதிரில் என் வயசுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், முன் வரிசையில் என் மகன். மூச்சை ஆழமாக இழுத்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன். கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு அது பொய் என்று தெரியும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. மிலிட்டரிக்காரர் மட்டும் கை தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மூன்று வருஷமாக அமெரிக்காவில், மகள் வீட்டில் இருக்கிறார்.

இப்போது முடிவைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் போனதற்கே இவ்வளவு குணம் என்றால் தினமும் போனால் எப்படி இருக்கும் என்று ஹரீஷ் என்னை இந்த மையத்தில் தினசரிக்குச் சேர்த்துவிட்டான். பேத்தியை இறக்க எதிர் வீட்டு அம்மாவே தினமும் நிற்கிறார். காலையில் மையத்தின் வேன் வாசலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்கிறது, சாயங்காலம் வாசலில் இறக்குகிறது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கிற போட்டோ பதினோரு மணிக்கு சௌமியாவுக்குப் போகிறது. இந்த வாரத்திலிருந்து என் வியாழக்கிழமை போய்விட்டது மச்சான். எந்த மருந்து வேலை செய்ததோ அதை நிறுத்துவதற்கு, அது வேலை செய்ததையே காரணமாக்கிவிட்டார்கள். நேற்று வியாழக்கிழமை. முனிராஜ் அந்த முனையில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். நான் இங்கே வட்டமாக உட்கார்ந்து பந்து பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. வயசானவன் அழுதால் அதற்கும் ஒரு பயிற்சி வைத்திருப்பார்கள் என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதம்கூட இங்கே கொடுத்த பயிற்சிதான். மனதில் இருப்பதை யாராவது ஒருவருக்குக் கடிதமாக எழுதுங்கள், எழுதி முடித்ததும் கிழித்துக் கூடையில் போடுங்கள், பாரம் இறங்கிவிடும் என்றார் மேடம். மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதிக் கிழித்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழிக்கிறவன் நான் இல்லை, இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

ஆகவே மச்சான், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நேற்றே கருப்பாயியிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். கௌதமையும் குடும்பத்தோடு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் உடனே ஆரம்பிக்காதீர்கள். முதலில் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலை போடும்போது குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். என் அக்காளைக் கட்டிக் கொடுத்தது ஒரு மனுஷனுக்கு, ஆளுக்கொரு வீட்டில் வாட்ச்மேன் வேலைக்கு இல்லை என்று சொல்லுங்கள். ரூம் இல்லை என்பார்கள். ஹாலில் படுத்துக்கொள்கிறோம் என்று நான் சொல்வேன். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் போச்சம்பள்ளியிலேயே இருந்து பார்த்துக்கொள்வார்கள், கொரியர்காரன் கீழே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் ஸ்ட்ரெஸ் என்பார்கள், நீங்கள் சொன்னால்தான் அது நியாயமாகும். உங்கள் அக்கா வாயில்லாப் பூச்சி. அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

தங்கச்சி கருப்பாயிக்கு என் விசாரிப்பு. உங்கள் பெரிய பையனுக்குக் கம்பெனியில் வேலை கேட்டிருந்தீர்கள். கிடைக்கட்டும், ஆனால் ஷிப்டு இல்லாத இடமாகப் பார்த்துச் சேருங்கள். கரும்பு நல்ல எடைக்கு நிற்கட்டும், ஏரி வற்றாதிருக்கட்டும், உங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கடைசிவரை ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமா
கோவிந்தப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன். உங்கள் அக்காவே ஃபோன் செய்தாள். நேற்று ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொல்லி, கவலைப்படாதே, உன் தம்பிக்கு எழுதிவிட்டேன், எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னேன். பெருமையாக முழுக் கடிதத்தையும் படித்தும் காட்டினேன். அவள் தூங்கி விழுகிற இடம் வந்தபோது சிரித்தாள். கையெழுத்து வரைக்கும் படித்து முடித்தேன். பிறகு சொன்னாள்:

“என் தம்பிய வரச் சொல்லாதீங்க. நான் இங்கயே இருக்கறன்.”

பக்கத்தில் சின்ன மருமகள் நிற்கிறாளா, அவளுக்குப் பயந்து சொல்கிறாயா என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. எல்லாரும் டூட்டிக்குப் போயிட்டாங்க. நான்தான் சொல்றன். ஏ ஷிப்டுன்னா மூணரைக்கு எந்திரிச்சன். பி ஷிப்டுன்னா நீங்க வர்ற வரைக்கும் சோத்த வெச்சிக்கினு முழிச்சிருந்தன். நைட்டுன்னா, பகல்ல நீங்க தூங்கணும்னு புள்ளைங்க வாயப் பொத்திக்கினு வெளிய உக்காந்திருந்தன். ரிட்டையர் ஆனீங்க, அப்புறமும் நாலு மணிக்கு எந்திரிச்சி வெந்நீர் கேட்டீங்க. இங்க எல்லாரும் ஜெனரல் ஷிப்டு, காலைல போயி சாயங்காலம் வந்துடறாங்க. ராத்திரி படுத்தா விடிஞ்சிதான் கண்ணு முழிக்கறன். பகல்லயும் புள்ள தூங்கினா தூங்கறன். கல்யாணம் ஆனதுல இருந்து இப்பதாங்க தூங்கறன்.”

நான் அவளை ஒரு நாளும் எழுப்பியதில்லை மச்சான். அலாரம்தான் அடித்தது. கம்பெனி கேன்டீனில் டீ இருந்தது, சோறும் இருந்தது. இதை அவளிடமே சொன்னேன். ஆமாம், நீங்கள் எழுப்பவில்லை, நானாகத்தான் எழுந்தேன் என்று ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டவளிடம் மேற்கொண்டு என்ன சண்டை போடுவது? முடிந்தபோது வாருங்கள், களி கிண்டி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். வாட்ச் சிவந்து கிடக்கிறது. மகன்கள் பிரித்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. அப்போது கோபப்பட ஆள் இருந்தார்கள்.

மேடம் சொன்ன மாதிரி இதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் கருப்பாயியிடம் சொல்லி வைத்திருக்கிறேனே, ஒரு தகவலும் வராவிட்டால் என்னவோ ஏதோ என்று நீங்களே கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். உங்கள் அக்காவை நலம் விசாரிக்க வேண்டுமென்றால் ஃபோன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எட்டு மணிக்கு மேல் செய்யுங்கள், அதுவரைக்கும் தூங்குவாள்.